வில்மா அத்தையின் தலைகீழ்ப் பூசை

கல்யாணப் பெண் கோயிலுக்குள் நுழையும்போது வாசிக்க வேண்டிய பாட்டை வில்மா அத்தை ஒரு சனிக்கிழமை கசாப்புக்கடை கெய்ஸாவுக்கு வாசித்துவிட்டாள். எங்கள் லெஷ்னாவில் இன்றைக்கும் எவனாவது வெள்ளைச் சட்டையில் கோயில் வாசலைத் தாண்டினால், பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடித்து, "பொண்ணு வந்தாச்சுடா" என்பான்.

கெய்ஸா மேல் குற்றம் இல்லை. விருந்துக்கான இறைச்சியை வண்டியில் ஏற்றி வந்தவன், மண்டபத்துச் சாவி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். கடையிலிருந்து நேராக வந்திருந்தான். வெள்ளைக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளை ஏப்ரன், தலையில் வெள்ளைத் தொப்பி. மேலே ஆர்கன் இடி மாதிரி முழங்கியது. கோயிலே எழுந்து நின்று திரும்பிப் பார்த்தது. நல்ல எருமைக் கனம் இருப்பான் கெய்ஸா; மீசை வேறு. "திரும்பி ஓடினா கல்யாணத்துக்கு ஆகாதோன்னு பயந்துட்டேன்" என்று பிறகு சொன்னான். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கே அடி எடுத்து வைத்து, நடுப்பாதை முழுக்க நடந்து, பீடத்தின் முன் முட்டி போட்டு வணங்கி, பக்கக் கதவு வழியாக மறைந்தான். மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி நின்றான். சிரிக்காத ஒரே ஆள் பெண்ணின் அம்மா.

இல்லை, இரண்டு பேர். மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த வில்மா அத்தையும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது. வெள்ளையாக ஒன்று வந்தது, வாசித்தாள்.

ஆர்கன்காரருக்குப் பீடத்தின் பக்கம் முதுகு. எங்கள் கோயிலில் வாசலுக்கு மேலே மரத்தால் கட்டிய ஒரு மாடம். அதில் சுவரை ஒட்டி ஆர்கன். வாசிக்கிறவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். சாமியார் பேசும்போது காதில் விழும். பேசாமல் அவர் செய்வதெல்லாம், எழுவது, உட்காருவது, தூபம் காட்டுவது, கிண்ணத்தைத் துடைத்து வைப்பது எல்லாம் முதுகுக்குப் பின்னால் நடக்கும். அவர் முடிக்கும் அந்த நொடியில் பாட்டு எழ வேண்டும். முந்தினால் சாமியாரின் வாயை அடைத்த மாதிரி. பிந்தினால் கோயில் முழுக்க இருமல். அதற்காகத்தான் ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டி வைப்பார்கள். அந்தக் கண்ணாடிதான் ஆர்கன்காரரின் பூசை.

வில்மா அத்தை பத்தொன்பது வயதில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறவியிலேயே கிட்டப்பார்வை. சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றினால், மூக்கில் இடிக்கிற தூரத்தில் இருப்பது மட்டும் ஊசிமுனை போலத் தெரியும். கையை நீட்டினால் அந்தக் கையே புகை. ஆனால் காதும் விரலும் கடவுள் அளந்து பார்க்காமல் கொடுத்தவை. பாட்டுப் புத்தகம் அவளுக்குத் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கோயிலுக்குப் போனாலே முறைத்த பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். தலைமையாசிரியர் ஒருநாள் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆர்கனா, திங்கட்கிழமை அடுப்பா, ரெண்டில் ஒன்று சொல் என்றாராம். அத்தை ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, கொதிக்கிற சூப்பை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, நடந்துவிட்டாள். அடுத்த மாதம் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போடும் பண்ணையில் சேர்ந்தாள். உப்புத் தண்ணீரில் கையை விட்டே அவளுக்குப் பாதி ஆயுசு போயிற்று. விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ஞாயிறு காலையில் அந்த விரலால்தான் வாசிப்பாள். மேல்மாடம் பூராவும் பாலாடைக்கட்டி வாசம் அடிக்கும். ஒரு பயல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

நான் பழைய லாரிகளைப் பிரித்து விற்கிறவன். ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டார் படுத்துக்கொண்டால் அத்தை என்னைத்தான் கூப்பிடுவாள். அப்படித்தான் எனக்கும் மேல்மாடத்துக்கும் பழக்கம்.

அங்கே முன்பு இருந்தது அலமாரிக் கதவிலிருந்து வெட்டிய சாதாரணக் கண்ணாடி. பீடத்தை மட்டும் காட்டும், உள்ளது உள்ளபடி, உள்ள தூரத்தில். கண் நன்றாக இருந்தவரை அது போதும். அறுபதைத் தாண்டியதும் அத்தைக்கு மூக்குக்கண்ணாடி போட்டும் தூரம் கலங்கியது. டவுனில் கண் டாக்டர், விழித்திரை மெலிந்துவிட்டது, கத்தி வைத்தால் இருப்பதும் போகும், இதற்கு மேல் கண்ணாடியும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

"ஷிமோன், உன் பட்டறையில எல்லாமே தெரியற மாதிரி ஒரு கண்ணாடி இருக்கா?" என்று கேட்டாள். தாத்ரா லாரியின் பக்கவாட்டில் இருக்கும் புடைத்த கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய், கை நீட்டி மடக்கும்படி ஒரு கம்பியில் பொருத்திக் கொடுத்தேன். அவள் மூக்கை அதனிடம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அடேயப்பா! வாசல், பெஞ்சு, ரெண்டு பக்கச் சுவரு, பீடம்... முழுக்கோயிலும் வந்துடுச்சே!"

"சாமியார் தெரியறாரா?"

"தெரியறாரு. சீரகம் சைசுல."

அந்தச் சீரகத்தை வைத்துக்கொண்டு நாலைந்து மாதம் ஓட்டினாள். அப்புறம்தான் கெய்ஸா வெள்ளை ஏப்ரனில் வந்தான்.

மரியான் சாமியார் கெட்டவர் இல்லை. இளைஞர், மெல்லப் பேசுவார், பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை மேல்மாடத்துக்கு ஏறி வந்தார். நான் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். போகச் சொல்லவில்லை, அதனால் இருந்தேன்.

"அத்தை, செப்டம்பர்ல ஊர்த் திருவிழா. இந்த வருஷம் பிஷப், நம்ம ஆயரே வர்றார். பொண்ணு வீட்டுக்காரங்க ஏற்கெனவே அவருக்கு எழுதிப் போட்டுட்டாங்க. அன்னைக்கும் இப்படி ஒண்ணு நடந்தா என்னால உங்களுக்காகப் பேச முடியாது."

அத்தை ஆர்கன் கட்டைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"டவுன்ல ஒரு தம்பி இருக்கான். கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் சொந்தமா வச்சிருக்கான். கீழயே, பீடத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து வாசிப்பான். நீங்களும் கொஞ்சம் ஓய்வா இருக்கலாமே."

"திருவிழா வரைக்கும் நான்தானே சாமி?"

"ஆமாம்."

"அப்ப திருவிழா முடியட்டும்."

அவர் இறங்கிப் போனதும் நான் சொன்னேன், "அத்தே, நான் மாடத்துக் கைப்பிடிக் கம்பிப் பக்கம் நின்னு பார்த்துச் சொல்றேனே. சாமியார் எழுந்தா உங்க தோளைத் தட்டறேன்."

ஒரு பூசைக்கு அப்படிச் செய்தும் பார்த்தோம். நான் பார்த்து, தீர்மானித்து, தட்டி, அவள் வாசிப்பதற்குள் சாமியார் அடுத்த ஜெபத்தில் பாதி தூரம் போயிருந்தார். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ சொல்லி நான் வாசிச்சா அது உன் பூசைடா. எனக்கு வேண்டாம்." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "வீட்டுல நான் ஒரு குருட்டுக் கிழவி, ஷிமோன். அடுப்புல கையைச் சுட்டுக்கறேன், பூனைய மிதிக்கறேன். இங்க ஏறி உட்கார்ந்தாத்தான் நான் வில்மா" என்றாள்.

நான் மோட்டார் பக்கம் குனிந்துகொண்டேன். காரணமில்லாமல் அதைத் திட்டினேன்.

அந்த வாரம் வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு பழைய ஹோட்டலை இடிக்கிறார்கள் என்று பைப்பும் குழாயும் அள்ளப் போனேன். குளியலறைக்கு ஒன்றாகச் சவரக் கண்ணாடி. சாப்பாட்டுத் தட்டு அகலம், நீட்டி மடக்கும் கை, உள்ளே குழிந்த முகம். ஒன்றில் என் மூஞ்சியைப் பார்த்தேன். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி. கன்னத்து முடி ஒவ்வொன்றும் ஆணி. அப்போதே எனக்குப் பொறி தட்டியது. மூஞ்சியைப் பெரிசாகக் காட்டுவது சாமியாரையும் பெரிசாகக் காட்டாதா? புடைத்தது சின்னதாக்கியது என்றால் குழிந்தது பெரிதாக்கத்தானே வேண்டும்? இரண்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. சவரக் கண்ணாடியை எவன் பத்தடி தள்ளி நின்று பார்த்திருக்கிறான்?

மறுநாள் சாயங்காலம் அதை ஆர்கனுக்கு மேலே, அத்தையின் தலைக்குச் சற்று உயரத்தில், முன்பக்கம் கொஞ்சம் குனிந்த மாதிரி முடுக்கினேன். கீழே மரியான் சாமியார் கறுப்புச் சட்டையோடு பீடத்தில் மெழுகுவத்திகளை மாற்றிக்கொண்டிருந்தார். அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். பீடம் மேலே தொங்கியது. மெழுகுவத்திகள் கீழ்நோக்கி வளர்ந்திருந்தன. சாமியார் வௌவால் மாதிரி தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் கோயிலுக்கு ஆகாதவை எல்லாம் வாயில் வந்தன. "கழட்டிடறேன் அத்தே. சனியன்!" என்று ஸ்பேனரை எடுத்தேன்.

"தொடாத!"

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கழுத்தைக் கோழி மாதிரி முன்னே நீட்டினாள், பின்னே இழுத்தாள், மறுபடி கொஞ்சம் முன்னே. அப்புறம் அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியைக்கூட இல்லை. கண்ணாடிக்கும் தன் மூக்குக்கும் நடுவில் வெறும் காற்றில் எதையோ.

"என்ன அத்தே?"

"சும்மா இரு." பிறகு கழுத்தைத் திருப்பாமலே கத்தினாள்: "சாமி! உங்க சட்டையில இடது கை பட்டன் அறுந்து தொங்குது!"

கீழே மரியான் சாமியார் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வலது கையைப் பார்த்தார். "வலது கை, அத்தை!" என்று கூவினார். கூவிய பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி மேலே அண்ணாந்து நின்றார்.

"தலைகீழா நின்னா எது வலது எது இடதுன்னு யாரு கண்டா" என்று முணுமுணுத்தாள் அத்தை. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்பேனரைத் துடைத்தேன். அதில் அழுக்கு இல்லை.

எனக்கு இது விளங்கவில்லை. விளங்காத சாமானை மாட்டிவிட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இன்னொரு கண்ணாடியை வைத்துக்கொண்டு பட்டறையில் ஒரு பகல் பூராவும் கிடந்தேன். முகத்தைக் கிட்டே வைத்தால் நேராக, பெரிசாக. பின்னால் நகர நகர மூஞ்சி ஊதிக்கொண்டே போய், ஒரு முழத்தில் கலங்கிக் கண்ணாடி முழுக்க வெறும் தோல் நிறமாகிவிடுகிறது. இரண்டு முழத்தையும் தாண்டியதும் மறுபடி கூடுகிறது, தலைகீழாக. ஷெட்டுக்குள் இருட்டில் நின்று கண்ணாடியை வெளிவாசல் பக்கம் காட்டி, அதற்கு ஒரு முழம் முன்னால் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தேன். என் பட்டறைக் கேட்டு, அதற்கு வெளியே ரோடு, ரோட்டில் போன பஸ், எல்லாம் தலைகீழாக, கலரோடு, காகிதத்தின் மேல் வந்து நின்றன. காகிதத்தை எடுத்தால் மறைந்தன, வைத்தால் வந்தன. ஆக, படம் கண்ணாடிக்குள் இல்லை. வெளியே, காற்றில் நிற்கிறது. லாரிக் கண்ணாடியை வைத்து எத்தனை முறை பிடித்தும் காகிதத்தில் ஒன்றும் விழவில்லை. அதன் படம் உள்ளேயே குடியிருப்பது, வெளியே வராது.

அப்போதுதான் அத்தை பார்த்தது என்னவென்று புரிந்தது. தூரத்துப் பீடத்தை அந்தக் குழிந்த கண்ணாடி அள்ளிக்கொண்டு வந்து அவள் மூக்குக்கு முன்னால் காற்றில் வைக்கிறது. நல்ல கண் உள்ளவனுக்கு அது அவ்வளவு கிட்டே ஆகாது. விலகித்தான் பார்க்க வேண்டும், விலகினால் சின்னதாகிவிடும். அத்தையின் கண்ணோ மூக்கு இடிக்கிற தூரத்துக்கென்றே செய்த கண். ஆயுசு பூராவும் அவளைக் கேலிக்கு ஆளாக்கிய கண், அந்த ஒரு இடத்தில் ஊரில் எவனுடைய கண்ணையும் விடப் பெரிசாகப் பார்த்தது. படம் தலைகீழாக இருந்தது. அவ்வளவுதான் அதற்குக் கொடுத்த விலை.

பள்ளிக்கூடத்தில் குழியாடி, குவியாடி என்று இதற்குப் பெயர் சொல்லித் தருவார்களாம். நான் அந்த வகுப்புக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். வெயிலில் வைத்தால் சூரியனையும் அதே ஒரு முழத்தில் புள்ளியாகக் கூட்டுகிறது என்று கண்டு, அதில் ஒரு சிகரெட்டும் பற்றவைத்தேன். அதை அதோடு மறந்தும்போனேன்.

அன்றிலிருந்து திருவிழா வரை பயிற்சி. கோயில் காலியாக இருக்கும் சாயங்காலங்களில் நான் பீடத்தின் முன் சாமியாராக நிற்க வேண்டும்.

"கையைத் தூக்குடா!"

தூக்கினேன்.

"இப்ப எனக்குக் கீழ இறங்குது... சரி. முட்டி போடு!"

போட்டேன்.

"மேல ஏறிட்ட! எழுந்திரு! ம்... இறங்கிட்ட. மறுபடி முட்டி போடு!"

"அத்தே, முட்டி தேஞ்சுபோச்சு."

"பாவம் பண்ணின முட்டிதானே, தேயட்டும்!"

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கெய்ஸா, "வில்மாக்கா, இவனுக்கும் ஒரு கல்யாணப் பாட்டு வாசியுங்க. ஜென்மத்துல ஒருதரமாவது கேக்கட்டும்" என்றான்.

"உனக்கு வாசிச்சதே மிச்சம். நீ போய் மாட்டை வெட்டு!"

விளையாட்டாகத் தெரியும். ஆனால் அத்தை என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷமாகக் கை கால்களில் ஊறிப்போன பூசையை, எழுபதை நெருங்கும் வயதில், கவிழ்த்துப் போட்டு மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். அவள் பூசையில் சாமியார் முட்டி போட்டால் உயர்ந்தார். திராட்சை ரசம் கிண்ணத்துக்குள் மேல்நோக்கி ஊற்றியது. தூபப் புகை தரையைத் தேடி இறங்கியது. கண்ணாடி பீடத்தை மட்டும்தான் காட்டும், அதுவும் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் அடங்குகிற அகலம். அதனால் வாசலுக்கும் நடுப்பாதைக்கும் லாரிக் கண்ணாடியும் இடது பக்கத்தில் அப்படியே இருந்தது. தலை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் படம் ஓடிவிடும். கையும் காலும் பாட்டுக்கு ஆட, கழுத்து மட்டும் கம்பம் மாதிரி நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை குறைந்தது.

பெரிசாகப் பார்த்ததில் அவள் இன்னொன்றும் பிடித்தாள்.

"மரியான் சாமி எதைத் தொடங்கறதா இருந்தாலும் முன்னாடி வலது சட்டைக் கையை ஒருதரம் கீழ இழுத்து விடறாரு, ஷிமோன். அவருக்கே தெரியாது. பட்டன் அறுந்த நாள்லேர்ந்து ஊக்கு குத்திக்கிட்டுத் திரியறாரு. பூசை அங்கி போட்டாலும் கை அங்கதான் போகுது. ஒரு இழுப்பு, அப்புறம் எழுந்திருக்கறாரு."

நான் கம்பிப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு எந்த இழுப்பும் தெரியவில்லை.

திருவிழாவும் வந்தது. வீட்டுக்கு வீடு வாத்து வறுவல், கசகசா அடைத்த ரொட்டி, வருகிறவன் போகிறவன் கையிலெல்லாம் பிளம் சாராயக் குப்பி. ஆயரை நாலு கம்பு வைத்த துணிக்குடை பிடித்து அழைத்துவர வேண்டும் என்பதால், கோயிலின் தெற்குப் பக்கத்து லிண்டன் மரம் வழியை மறைக்கிறது என்று கெய்ஸா முந்தின நாள் தன் கத்தி அரிவாளோடு ஏறி, கிளைகளையெல்லாம் சுத்தமாகக் கழித்துவிட்டான். எல்லோரும் அவன் முதுகில் தட்டினோம். பீடத்துக்குப் பக்கத்து உயரமான ஜன்னலை அந்த மரம்தான் இத்தனை காலமும் மறைத்திருந்தது என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

அத்தை நல்ல நாளுக்கென்று வைத்திருந்த கறுப்புக் கம்பளி ஜாக்கெட் போட்டிருந்தாள். கோயில் பிதுங்கி வழிந்தது. கண்ணாடியின் திருகு தளர்ந்தால் சரிசெய்ய நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். வருகைப் பாட்டு, தூபம், எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி போயிற்று. ஜனங்களுக்கு நற்கருணை அப்பம் வழங்கும்போது வெளியே மேகம் விலகியது.

முதலில் எனக்கு மூக்கில்தான் பட்டது, முடி பொசுங்கும் வாசம். கீழே ஜனங்கள் தூபம் என்று நினைத்திருப்பார்கள். ஆர்கன் பக்கம் பார்த்தால், மொட்டையான மரத்துக்கு மேலாக ஜன்னல் வழியே வந்த வெயில் சவரக் கண்ணாடியில் விழுந்து, ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கூடி, அத்தையின் இடது கை மேல் உட்கார்ந்திருந்தது. ஜாக்கெட்டின் கைமுனையிலிருந்து மெலிசாகப் புகை. அவளுக்குச் சுட்டிருக்கிறது, உதடு வெளுத்திருந்தது. பாட்டில் ஒரு சுரம் பிசகவில்லை.

"அத்தே, கை!"

"தெரியுது. உன் தொப்பிய அதுமேல கவுத்து!"

கவிழ்த்தேன். புள்ளி அணைந்தது. பூசையும் அணைந்தது. சாமியார், பீடம், பெரிய படம் எல்லாம் என் தொப்பிக்கு அடியில். ஆர்கன் அதிர்வில் தொப்பி நழுவிவிடும் என்று நான் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது; கம்பிப் பக்கம் போய்ப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை.

நற்கருணைப் பாட்டு முடிந்தது. கோயில் அமைதியானது. ஆயர் தன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார் போலிருக்கிறது. இந்த இடம்தான் ஆபத்தான இடம். அவர் ஜெபிக்கிறவரை ஊசி விழுந்தால் கேட்க வேண்டும். எழுந்ததும் திருவிழாப் பாட்டு வெடிக்க வேண்டும். ஒவ்வொரு சாமியாருக்கும் இந்த அமைதி ஒரு நீளம். இவருடைய நீளம் ஒருவருக்கும் தெரியாது. ஆயர் அசைந்ததும் கூடவே எழத் தயாராகிறவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மரியான் சாமியார்தான்.

அத்தை மூக்கை லாரிக் கண்ணாடியிடம் கொண்டுபோனாள். நானும் எட்டிப் பார்த்தேன். பீடம் இருக்கிற இடத்தில் சிந்திய அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏழெட்டுப் புள்ளி. அதில் ஆயர் எது, மரியான் சாமியார் எது, பூசைக்கு உதவுகிற பிள்ளைகள் எது, எனக்குத் தெரியவில்லை. கெய்ஸாவைப் பெண்ணாகக் காட்டிய அதே கண்ணாடி. அத்தையின் விரல்கள் கட்டைகளின் மேல், தொட்டும் தொடாமலும். இடது மணிக்கட்டில் தோல் சிவந்து உப்பியிருந்தது. கீழே யாரோ ஒருவர் இருமினார். எனக்கு, வாசியுங்க, வாசியுங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

அத்தையின் உதடு மெல்ல அசைந்தது. "இழுத்துட்டாரு" என்றாள்.

இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் இறங்கின. ஆர்கன் முழுத் தொண்டையையும் திறந்தது. தொப்பியைப் பிடித்தபடியே கழுத்தைத் திருப்பி, கம்பி இடுக்கில் பார்த்தேன். ஆயர் அப்போதுதான் நாற்காலியின் கைகளில் உள்ளங்கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். பாட்டே அவரைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி இருந்தது. கோயில் முழுக்கப் பாடியது. நான் எந்தக் கோயிலிலும் வாயைத் திறக்காதவன். அன்றைக்கு என் வாயும் திறந்திருந்தது.

சீரகம் சைசில் இருந்த மரியான் சாமியாரின் இழுப்பை அத்தை எப்படிப் பார்த்தாள் என்று பிறகு கேட்டேன். "பெருசாப் பார்த்துப் பார்த்துப் படிச்சதைச் சின்னதா இருந்தா அடையாளம் தெரியாதா? உன்னை ஆத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாக்கூட நடையிலேயே நீதான்னு தெரியும்டா, கொக்கு மாதிரி" என்றாள்.

பூசை முடிந்து ஜனம் விருந்துக்குக் கலைந்ததும் மரியான் சாமியார் மேலே ஏறி வந்தார். அத்தை மணிக்கட்டில் என் கைக்குட்டையை ஈரமாக்கிச் சுற்றியிருந்தாள். எழுந்து நின்றாள். ஜாக்கெட்டின் பொசுங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சேசுவுக்குத் தோத்திரம், சாமி."

"என்றென்றைக்கும்." அவர் கண்ணாடி மேல் கவிழ்ந்திருந்த தொப்பியைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன். லிண்டன் மரத்தைப் பற்றிச் சொன்னேன். கடைசிப் பாட்டு எந்தக் கண்ணாடியில் பார்த்து வாசித்தது என்றும் சொன்னேன். அத்தை என் காலை மிதித்தாள், நான் நிறுத்தவில்லை.

வெயில் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தது. சாமியார் தொப்பியை எடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்கே பார்க்கணும்?"

"கண்ணாடியைப் பார்க்காதீங்க. அதுக்கு முன்னால பாருங்க, காத்துல." அத்தை அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பூசணிக்காயைத் திருப்புகிற மாதிரி திருப்பினாள். "இன்னும் கொஞ்சம் பின்னால. உங்க கண்ணு நல்ல கண்ணு, கிட்டப் போகாது. ம்... நில்லுங்க."

கீழே கெய்ஸா பீடத்துக்குப் பக்கத்தில் குடைக் கம்புகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். நல்ல நாள் என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சாமியாரின் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்தது, படம் அவருக்குக் கூடிவிட்டது.

"நானும் இப்படித்தான் தெரியறேனா, அத்தை? தலைகீழா?"

"ஆமா சாமி. ஆனா குறை சொல்ல மாட்டேன். தலைகீழா நின்னும் அங்கி அவிழ்ந்து விழலையே."

அவர் சிரித்த சிரிப்பு கோயில் முழுக்கக் கேட்டது. கெய்ஸா அண்ணாந்து பார்த்தான். சாமியார் எழுந்தார். எழுவதற்கு முன்னால் வலது சட்டைக் கையை ஒருமுறை கீழே இழுத்துவிட்டார். இந்தத் தடவை எனக்கே தெரிந்தது.

"டவுன் தம்பிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன், வர வேண்டாம்னு" என்றார். "நீங்க கைக்கு மருந்து போடுங்க, அத்தை. ஞாயித்துக்கிழமை பூசை இருக்கு."

அவர் படி இறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகும் அத்தை நின்றுகொண்டே இருந்தாள். பிறகு பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கழுத்தை நீட்டி அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். கீழே கெய்ஸா கம்புக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, நடுப்பாதையில் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். அத்தை கல்யாணப் பாட்டை எடுத்தாள், முழு ஆர்கனில். கெய்ஸா ஒரு நொடி திகைத்தான். பிறகு கம்புக் கட்டைப் பூச்செண்டு மாதிரி அணைத்துக்கொண்டு, தாளத்துக்கு அடி எடுத்து வைத்து, வாசல் வரை நடந்து போனான்.

லிண்டன் மரம் துளிர்த்து ஜன்னலை மூட இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்கிறார்கள். அதுவரை வெயில் வரும் நேரத்தில் கவிழ்க்க என் தொப்பி மேல்மாடத்தில்தான் தொங்குகிறது. நான் வேறு வாங்கிக்கொண்டேன்.